சாகர் பெட்டியில் இரண்டு கிழங்குகள்

1966ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில், கொளஞ்சியப்பர் சந்நிதியில் வைத்து எடுத்த ஒரு பிராது முனியப்பர் முன்னால் உள்ள வேலில் கட்டப்பட்டது. கட்டியவர் கொளஞ்சியப்பன், செராமிக் எஸ்டேட்டில் களிமண் அரைக்கும் தொழிலாளி. எதிராளி, அடுத்த வீட்டு ராஜம்மாள்.

கோர்ட்டுக்குப் போக வழியில்லாதவர்களும் போக விரும்பாதவர்களும் அந்தக் கோயிலில் பிராது கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். குறையைத் தாளில் எழுதிச் சாமியிடம் வைத்து, பொட்டலமாக மடித்துக் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துவிடும் என்பது நம்பிக்கை. காரியம் தீர்ந்ததும் கட்டியவரே போய்த் திரும்பப் பெற வேண்டும். அதுவரை அது எதிராளியின் தலைமேல்தான் இருக்கும்.

கொளஞ்சியப்பன் எழுதியது சாபம் அல்ல. 'ராஜம்மாள் கொடுத்த கிழங்கைத் தின்ற மறுநாள் என் மகள் விருத்தாம்பாள் இறந்தாள். கொடுத்தது கருணைக்கிழங்கா, காட்டில் முளைக்கும் விஷக்கிழங்கா என்பது எனக்கு விளங்க வேண்டும்.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். ஆனால் பிராது கட்டியாகிவிட்டது என்ற செய்திதான் தெருவுக்கு வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை இல்லை. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் மைலோ சோளம் போட்டார்கள். அதற்கும் வரிசை நின்றது. தை மாதம், நிலக்கரி வராமல் சூளை நின்றிருந்த ஒரு நாள், ராஜம்மாள் மணிமுத்தாற்றங்கரைப் புதரில் பழுத்துச் சாய்ந்த இலைகளைப் பார்த்துத் தோண்டினாள். கைப்பிடி அளவில் சில கிழங்குகள் கிடைத்தன. மண்வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்தவள். நல்ல களிமண் நாக்கில் ஒட்டும், மட்டமானது ஒட்டாது என்று சின்ன வயதிலிருந்தே எதையும் நாக்கில் வைத்துப் பார்த்துப் பழகியவள். கிழங்கைக் கீறி நாக்கு நுனியில் வைத்தாள். நமைத்தது. சில ஊர்களில் சேனை என்கிற கருணையும் நமைக்கும். புளி கரைத்து வேக வைத்தாள். அவளும் புருஷன் தனபாலும் தின்றார்கள். பெற்றவர்கள் வேறு கூலி வேலைக்குப் போயிருந்ததால் அன்று இவர்கள் வீட்டில் இருந்த ஐந்து வயது விருத்தாம்பாளும் தின்றாள். பெரியவர்கள் இருவருக்கும் தொண்டை கரகரத்து மறுநாள் சரியாகிவிட்டது. குழந்தைக்குத் தொண்டை வீங்கியது.

பார்த்த டாக்டர், கிழங்காலும் இருக்கலாம், அந்த மாதம் ஊரில் பரவியிருந்த தொண்டை அடைப்பானாலும் இருக்கலாம், இதுவென்று அடித்துச் சொல்ல முடியாது என்றார்.

பிராதுக்குப் பிறகு ராஜம்மாளை யாரும் ஏசவில்லை. அவள் கையால் எதையும் வாங்கவில்லை, அவ்வளவுதான். ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டில், சுடாத சரக்கை ஈரப்பஞ்சால் துடைத்து விளிம்பு நேராக்குவது அவள் வேலை. கூட வேலை செய்த பெண்கள் தண்ணீர்ப் பானையிலிருந்து அவள் மொண்டால் சற்றுப் பொறுத்துத்தான் எழுந்து போவார்கள். கொளஞ்சியப்பனும் தனபாலும் ஒரே யூனிட். முன்பெல்லாம் 'அண்ணி, டீ இருக்குதா' என்று கொல்லைப்புறமாக வந்து நிற்பவர், இப்போது அவள் எதிரே வந்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். அவர் மனைவி நீலாவதி பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

மூன்று மாதம் போயிற்று. எதுவும் நடக்கவில்லை.

சமைத்தது போக மீந்த கிழங்குகளை ராஜம்மாள் எறியவில்லை. மணல் போட்ட சட்டியில் புதைத்து வைத்திருந்தாள். முதல் மழைக்கு அதில் ஒன்று மட்டும் முளைத்தது. மற்றவை அழுகிப்போயின. புள்ளி விழுந்த ஒற்றைத் தண்டு, மேலே குடைபோல் விரிந்த இலை. பார்ப்பதற்குக் கருணை மாதிரியே இருந்தது.

அந்த ஆவணியில், சிதம்பரத்தில் தாவரவியல் சொல்லித்தருகிற நடராசன் என்பவர் ஆற்றங்கரையில் செடி சேகரிக்க வந்தார். தனபால் அவரை வழிமறித்து வீட்டுக்குக் கூட்டிவந்தான். அவர் குனிந்து தண்டைத் தடவினார், இலையைப் புரட்டினார், வெகுநேரம் பார்த்தார்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க அம்மா. சின்னக் கிழங்கு. இந்த வயசுல கருணைக்கும் விஷமான காட்டுக்கருணைக்கும் எலை ஒண்ணு போலத்தான் இருக்கும். நான் ஒண்ணு சொல்லி அது தப்பாப் போனா, உங்களுக்குத்தான் கஷ்டம்."

"பின்ன எப்பதான் சார் தெரியும்?"

"பூத்தா தெரியும்."

"கருணை எங்க சார் பூக்குது?"

"நீங்க வுட்டாத்தானே பூக்கும்" என்றார் நடராசன். "தையில தோண்டிடறீங்க. மொளைக்கண்ணு பாத்து வெட்டி நடறீங்க. அடுத்த தையில மறுபடி தோண்டறீங்க. வெட்டாம, எடுக்காம மண்ணுலயே வுட்டுப் பாருங்க. கெழங்கு பெருத்ததும் ஒரு சித்திரை, வைகாசியில, எலைக்கு முன்னாடி பூ வரும். சில வருஷம் ஆவும்."

போகுமுன் இரண்டுக்கும் அடையாளம் சொன்னார். கருணைப் பூ தரையோடு உட்கார்ந்திருக்கும். அகலமான மடல், நடுவில் சுருக்கம் விழுந்த கருஞ்சிவப்பு முண்டு. காட்டுக்கருணை உயரமான தண்டின்மேல் வரும். மடல் சிறியது, நடுவில் எலிவால்போல் ஒரு நீட்டம். "நாத்தம் ரெண்டுலயும் உண்டு. செத்தது மாதிரி நாறும். ஈயைக் கூப்பிடறதுக்கு அது. நாத்தத்தை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க."

மறுநாள் எஸ்டேட் வாசல் டீக்கடையில் இது பேச்சாயிற்று. சூளைக்குத் தீ போடும் தங்கதுரை, "கருணை பூக்குதாம்ல தனபாலு" என்றான். "பூத்ததும் சொல்லு. எங்கூட்டு அம்மிக்கல்லு காய்க்கிற மாதிரி இருக்குது, ரெண்டையும் சேத்துப் பறிச்சிக்கலாம்." தனபால் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனான். கொளஞ்சியப்பனும் அங்கேதான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ராஜம்மாள் அவர் வீட்டு வாசலுக்குப் போனாள். உள்ளே போகவில்லை.

"தம்பி, நீ பிராது கட்டினது தப்புன்னு நான் சொல்ல வரல. நீ கேட்டதுதான் எனக்கும் தெரியணும். உனக்கு நம்பிக்கையான எடத்துலேருந்து ஒரு கருணை கொண்டா. என்னுதையும் உன்னுதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

உள்ளே நீலாவதி பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. ராஜம்மாள் திரும்பி வந்துவிட்டாள்.

அடுத்த தையில் அவர் வந்தார். அந்தப் பக்கத்து மங்களூர் கிராமத்தில் மாமனார் கொல்லையில் தோண்டிய முழுக் கருணை ஒன்றைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரிய கிழங்கு, ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். "வெட்டக் கூடாதாமே" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீழே வைத்தார்.

சூளையில் சரக்கை அடுக்கி வைக்கும் தடித்த மண்பெட்டிக்கு சாகர் என்று பெயர். விரிசல் விட்டால் அது சூளைக்கு உதவாது. தனபால் அப்படிக் கழித்துப்போட்ட இரண்டைச் சுமந்துவந்தான். விரிசல் வழியே தண்ணீர் வடியும் என்பதால் தொட்டியாக வைத்துக்கொள்ளத் தோதாக இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்தார்கள். ஆற்றுமண்ணும் சாணமும் போட்டுக் கிழங்குகளைப் புதைத்தார்கள். கொளஞ்சியப்பன் தன் பெட்டியின் பக்கத்தில் ஆணியால் 'கொ' என்று கீறினார். சுட்ட மண்ணில் அது லேசாகத்தான் விழுந்தது. மறுபடி மறுபடி இழுத்து அழுத்திக் கீறினார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. மழைக்கு இலை வரும். தையில் மஞ்சளாகி விழும். விழுந்ததும் ராஜம்மாள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துவாள். தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் பட்டால் அழுகும் என்று நடராசன் எழுதியிருந்தார். ஒவ்வொரு தையிலும் யாராவது கொல்லையை எட்டிப் பார்த்து, எடுக்காமல் விட்டால் கிழங்கு மக்கிப்போகும் என்று சொன்னார்கள். அவள் தலையாட்டுவாள். ஒரு கோடையில் அவள் பெட்டிக்குள் எறும்பு புற்று வைத்தது. கிழங்கைக் கையில் எடுத்து, துடைத்து, எடை பார்ப்பதுபோல் ஏந்திப் பார்த்துவிட்டு, எறும்பை உதறி அதே மண்ணில் வைத்தாள். கொஞ்சம்தான் பெருத்திருந்தது. 'கொ' பெட்டியில் இருந்தது மண்ணையே மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

1969 மே மாதம் அந்தத் தெருவில் நாற்றம் கிளம்பியது.

முதலில் எலி என்றார்கள். ஓடு பிரித்துப் பார்த்தார்கள். பிறகு நாய் ஏதாவது செத்துக் கிடக்கும் என்று சாக்கடையைக் கிளறினார்கள். மதிய வெயிலில் நாற்றம் கூடியது. ஈக்கள் போகும் திசையைப் பார்த்துத்தான் கொல்லைக்கு வந்தார்கள். சாகர் பெட்டியில், இலை ஒன்றும் இல்லாத மண்ணில், முறத்தளவு விரிந்த மடலும், நடுவே வெந்த ஈரல் நிறத்தில் சுருங்கிய ஒரு முண்டும் உட்கார்ந்திருந்தன. ஈ மொய்த்தது.

"பாத்தீங்களா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "இதைத்தான் அந்தப் புள்ளைக்கு ஆக்கிப் போட்டிருக்கறா."

"பொணம் மாதிரியே வீசுது."

"சாமி காட்டிக்குடுத்துடுச்சி. மூணு மாசம்னாங்க, மூணு வருஷமாச்சி. ஆனா காட்டிக்குடுத்துடுச்சி."

தங்கதுரை மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, "இதைத் தின்னுட்டுத் தனபாலு எப்படிடா இன்னும் நடமாடறான்" என்றான். யாரோ சிரித்தார்கள்.

நீலாவதி வீட்டுக்குள் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ராஜம்மாள் துவைக்கிற கல் அருகில் நின்றிருந்தாள். தடுக்கவில்லை. "நீலா, பொட்டியைப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

கொளஞ்சியப்பன்தான் குனிந்து பார்த்தார். மண் ஒட்டியிருந்த பக்கத்தைக் கையால் துடைத்தார். 'கொ'.

"இது நாம கொண்டாந்தது" என்றார்.

கூட்டத்துக்கு அது உடனே புரியவில்லை. அவர் இன்னொரு முறை சொன்னார். "எங்க மாமனார் கொல்லைக் கெழங்கு. நாம வருஷா வருஷம் கொழம்பு வெச்சித் திங்கறது." நீலாவதி மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அது அவள் அப்பா பயிர் செய்த கிழங்கு. பிறந்ததிலிருந்து தின்றிருக்கிறாள். அதன் பூவை ஒரு நாளும் பார்த்ததில்லை. அங்கே நின்றவர்களில் யாருமே பார்த்ததில்லை.

தபால் கார்டு கிடைத்து நடராசன் சேத்தியாத்தோப்பு வழியாக பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது பூ வாடியிருந்தது. ஆனாலும் அது கருணைதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. மற்றப் பெட்டியில் வழக்கம்போல இலைதான் முளைத்தது.

அதற்குப் பிறகு கொளஞ்சியப்பன் கொல்லைக்கு வரத் தொடங்கினார். முதலில் பல் துலக்கும் சாக்கில். பிறகு சாக்கு இல்லாமலே. ராஜம்மாளின் பெட்டி ஓரத்துக் களையைப் பிடுங்கிப் போடுவார். ஒருநாள் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று, "அண்ணி" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ராஜம்மாள் திரும்பாமல், "சொல்லு" என்றாள்.

"போதும் அண்ணி. நாத்தம் அடிச்சதும் நான்கூட உங்க பொட்டின்னுதான் நெனச்சேன். அவ்ளோ பேரும் அப்படித்தான் நெனச்சாங்க. பாத்தா நம்மளுது. உங்களுதும் கருணையாத்தான் இருக்கும். தொண்டை அடைப்பான்லதான் போயிருக்கும் அது. நாளைக்கே போயி பிராதைத் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன்."

"என்னான்னு சொல்லி வாங்குவ?"

அவர் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினார்.

"கேட்டது தெரிஞ்சிபோச்சின்னு சொல்லணும்ல. உன்னுது பூத்துடுச்சி. என்னுது இன்னும் பூக்கல. பூக்கட்டும்."

"பூக்காமயே போயிட்டா?"

"அதுவரைக்கும் இருக்கட்டும்."

தனபாலுக்கு அன்று அவள்மேல் கோபம். கையில் வந்ததை வேண்டாம் என்கிறவள் இந்த எஸ்டேட்டிலேயே இவள் ஒருத்திதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போனான்.

அடுத்த ஆண்டு சித்திரை கடைசியில் அவள் பெட்டியில் முளை கண்டது. இலை முளை ஊசியாக வரும். இது கொஞ்சம் பருத்து, வெளிர்ப்பச்சை உறைக்குள் இருந்தது. ராஜம்மாள் அதற்கு ஒரு கூடையைக் கவிழ்த்து வெயில் மறைத்தாள். தினமும் காலையில் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். முளை தரையில் உட்காரவில்லை. உயர்ந்தது. ஒரு வாரத்தில் கூடையின் அடியை முட்டியது. அவள் கூடையை எடுத்துவிட்டாள்.

தனபாலும் பார்த்தான். நடராசன் சொன்னது அவனுக்கும் மறக்கவில்லை. முழங்கால் உயரத்துக்கு மெல்லிய தண்டு, உச்சியில் இன்னும் விரியாத சுருள்.

"காத்துல ஒடிஞ்சிட்டுதுன்னு சொல்லிடலாம்" என்றான் மெதுவாக. "எறும்பு தின்னுடுச்சின்னு சொல்லலாம். அவனேதான் போதும்னு சொல்றானே. யாரு கேக்கப் போறாங்க?"

ராஜம்மாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஒடிச்சிப் போட்டாலும் நான் பாத்துட்டேன்ல" என்றாள்.

அவன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டான். "கார்டு போட்டுட்டு வரேன்" என்றான்.

மறுநாள் காலை சுருள் விரிந்தது. சிறிய மடல், அதற்கு மேல் நீண்டு மெலிந்த வால். போன வருஷத்து நாற்றம் இல்லை. பக்கத்தில் போனால்தான் தெரிந்தது, பழைய இறைச்சி வாடை. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜம்மாளே போய்க் கொளஞ்சியப்பனையும் நீலாவதியையும் கூட்டிவந்தாள்.

கொளஞ்சியப்பன் இதையும் பார்த்தார், 'கொ' என்று கீறிய பெட்டியையும் பார்த்தார். அதில் இந்த வருஷத்துக் கருணை இலைக்கு முளை விட்டிருந்தது.

"எல்லாச் செடியும் ஒண்ணு போலவா பூக்குது" என்றார். "ஆத்தங்கரை மண்ணு வேற. அதனால உசரமா வந்திருக்கும்."

"இல்ல தம்பி. மண்ணு ஒரே மண்ணுதான். நீதான் கலந்து போட்ட." ராஜம்மாளின் குரல் சாதாரணமாகவே இருந்தது. "இது வேற கெழங்கு. இதைத்தான் நான் குடுத்தேன்."

"டாக்டரு ரெண்டும் இருக்கலாம்னுதானே சொன்னாரு."

"சொன்னாரு. அது அவரு சொன்னது. எதைக் குடுத்தேன்னு நீ கேட்ட. இதைக் குடுத்தேன்."

நீலாவதி பூவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நான்கு வருஷமாக ராஜம்மாளிடம் ஒரு வார்த்தை பேசாதவள். பூவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அது கேட்டுச்சா, நீங்களாக் குடுத்தீங்களா?"

"கேட்டுச்சி. வேவறப்பவே அடுப்புகிட்ட வந்து உக்காந்துக்கிச்சி. தின்னுட்டு மறுபடி கேட்டுச்சி. மறுபடியும் வெச்சேன்."

ஒரு ஈ வந்து மடலுக்குள் இறங்கியது.

"அன்னிக்குக் காலையில நான் அதுக்கு ஒண்ணும் குடுக்கல" என்றாள் நீலாவதி. "வூட்டுல ஒண்ணும் இல்ல. பெரியம்மா வூட்டுல கேளுன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன்."

கொளஞ்சியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது தெரியாது. ராஜம்மாளுக்கும் தெரியாது.

நடராசன் மறுநாள் மதியம் வந்தார். மடலை ஒரு பக்கமாகக் கீறி உள்ளே இருந்த சின்னச் சின்னப் பூக்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். காட்டுக்கருணை என்றார். இந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்பது தனக்கே புதிது என்றும் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். தண்டோடு பூவை வெட்டிப் பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தினார். கிழங்கையும் தரச் சொல்லிக் கேட்டார். ராஜம்மாள் தோண்டிக் கொடுத்தாள்.

1970 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, நான்கு பேரும் மணவாளநல்லூருக்கு நடந்து போனார்கள். எதற்காகப் பிராதைத் திரும்பப் பெறுகிறீர்கள் என்று கோயிலில் கேட்டார்கள். "விளங்கிடுச்சிங்க" என்றார் கொளஞ்சியப்பன். நஷ்டம் ஏதாவது பேசி முடித்தீர்களா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். பிராது திரும்பப் பெறப்பட்டது.

1971 தை மாதம் 'கொ' பெட்டியில் இருந்த கருணையைத் தோண்டி இரண்டு வீட்டுக்கும் பங்கிட்டார்கள். நீலாவதி தன் பங்கைக் குழம்பு வைத்தாள். ராஜம்மாள் தன் பங்கைக் கண் பார்த்து வெட்டி, கொல்லையில் நட்டாள். சமைக்கவில்லை.